டென்ஷன் என்று சொன்னால் போதுமா?

(இளங்கலைத் தமிழ், மூன்றாமாண்டு மாணவி)

நம் கல்லூரியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘டென்ஷன்’ என்னும் சொல் ஒலிக்கிறது என்று எவரேனும் கணக்கெடுத்தால், அது வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையையும் மிஞ்சிவிடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேருந்து வரவில்லையா, டென்ஷன். அகமதிப்பீட்டுத் தேர்வா, டென்ஷன். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்றாலும் டென்ஷன். வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் டென்ஷன். தோழி மூன்று நாளாக முகங்கொடுத்துப் பேசவில்லை என்றாலும் அதே டென்ஷன்தான். ஆசிரியப் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர். ‘என்னை டென்ஷன் ஆக்காதே’ என்னும் வாக்கியத்தை ஒருமுறையேனும் கேளாமல் இக்கல்லூரியில் பட்டம் பெற்றவர் இருக்க முடியாது.

அது ஆங்கிலச் சொல் என்பதற்காக அதன்மீது வழக்குத் தொடுக்க நான் வரவில்லை. பஸ்ஸில் வந்து, டீ குடித்து, செமஸ்டர் எழுதுகிறவர்கள் நாம். என் வழக்கு வேறு. தம்முள் சற்றும் ஒவ்வாத பத்து உணர்ச்சிகளை ஒரே சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிடுகிறது இந்தச் சொல். சாக்கைத் தலையில் சுமக்கிறோம். பாரமாக இருக்கிறது என்று புலம்புகிறோம். உள்ளே இருப்பது என்ன என்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அச்சத்தைத் தணிக்கும் வழி வேறு, சினத்தைத் தணிக்கும் வழி வேறு, அவமானத்திலிருந்து மீளும் வழி முற்றிலும் வேறு. இன்னது என்று தெரியாமல் செய்யப்படும் எந்த ஆறுதலும் காய்ச்சல்காரனுக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான்.

என் வகுப்புத் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுவதும் முதல் இரண்டு பாடவேளைகளுக்கு அவர் வருவதில்லை. கேட்டால், ‘டென்ஷனா இருக்குப்பா’ என்பார். நண்பர்கள் தமக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தார்கள். ஒருவர் சினிமாவுக்கு அழைத்துப் போனார். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, ‘ஃப்ரீயா விடு மாப்ள’ என்றார். இன்னொருவர் விடியற்காலையில் எழுந்து ஓடச் சொன்னார். இரவு பன்னிரண்டு மணி வரை ஒரு பரோட்டாக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படுப்பவரைப் பார்த்துச் சொன்ன யோசனை அது! அந்த வேலை எங்களில் யாருக்கும் தெரியாது. வருகை நாட்கள் குறைந்துகொண்டே போய், தேர்வு எழுத முடியாத நிலை வந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து, அதற்கு ஒரு மனுவும் எழுதிவிட்டார். தமிழ் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அதை என்னிடம் கொண்டுவந்தார்.

மனுவில் காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. ‘டென்ஷன்னு எழுத முடியாதே’ என்று அவரே சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: ‘ஒருநாள் நம்ம கிளாஸ் பசங்க அஞ்சு பேரு கடைக்குச் சாப்பிட வந்தாங்க. நான் உள்ள போயி மாவு மூட்டைக்குப் பின்னால ஒக்காந்துக்கிட்டேன். கேவலமா இருந்துச்சு. அதுக்கப்புறம் காலையில கெளம்பவே மனசு வரல.’

ஒரு பருவம் முழுவதும் டென்ஷன் என்று வழங்கிவந்தது இதுதான். களைப்பு உண்டு, ஆனால் அவரை வகுப்புக்கு வரவிடாமல் தடுத்தது களைப்பன்று, அவமானம். களைப்புக்கு மருந்து தூக்கம். அவமானத்துக்குத் தூக்கமும் உதவாது, சினிமாவும் உதவாது. எவர் கண்ணுக்கு அஞ்சி ஒளிகிறோமோ, அவர் பார்த்த பின்னும் நம் மதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று நேரில் காண்பதுதான் அதற்கு வழி. இரண்டு நண்பர்களிடம் அவரே சொன்னார். அவர்கள் அடுத்த வாரம் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சால்னாவில் உப்பு அதிகம் என்று அவரிடமே குறை சொல்லிவிட்டு வந்தார்கள். துறைத் தலைவரிடம் உள்ளதைச் சொன்னார். வருகைக் குறைவுக்கு உரிய கட்டணத்தைக் கட்டித் தேர்வு எழுதினார். கடை வேலையை விடவில்லை; அவர் வீட்டு நிலைமையில் அது முடியவும் முடியாது. ஒளிவதை மட்டும் விட்டுவிட்டார்.

இதைப் பார்த்த பிறகுதான் இந்தச் சொல்லின்மீது எனக்கு ஐயம் பிறந்தது. துணைப்பாடமாக உளவியல் பயிலும் தோழி ஒருத்தியின் புத்தகத்தைப் புரட்டியபோது, ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் கருத்து மருத்துவ உலகில் எப்படிப் பிறந்தது என்று தெரியவந்தது. 1936ஆம் ஆண்டு, கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் செலியே என்பவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு மடல் வெளியிட்டார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், கத்தியால் காயப்படுத்தினாலும், அளவு மீறி ஓட வைத்தாலும், நஞ்சான மருந்தை ஊசிவழி செலுத்தினாலும் உடலுக்குள் நிகழ்வது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக் கண்டார் அவர். தைமஸ் என்னும் சுரப்பி சுருங்குகிறது. அட்ரீனல் சுரப்பி பெருக்கிறது. இரைப்பையில் புண் விழுகிறது. துன்பம் எதுவாயினும் உடல் தரும் மறுமொழி ஒன்றே என்பதுதான் அவர் கண்டது. அதற்குப் பின்னாளில் அவர் வழங்கிய பெயரே ‘ஸ்ட்ரெஸ்’. அவருக்குப் பின் வந்தோர், மறுமொழி எல்லாவற்றிலும் அப்படியே ஒன்றாக இருப்பதில்லை என்று திருத்தம் சொன்னார்கள்; என்றாலும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். துன்பத்தின் காரணம் எதுவாக இருந்தாலும் சரி என்று, காரணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறந்த சொல் அது. மருத்துவருக்கு அது வசதி. துன்பப்படுகிறவருக்கோ காரணமே முதற்பொருள். பள்ளிக்கூடத்து மணி முதல் பாடத்துக்கும் ஒரே ஓசைதான், உணவு இடைவேளைக்கும் ஒரே ஓசைதான். கடிகாரத்தைப் பார்த்துத்தானே அது எதற்கு அடித்த மணி என்று அறிந்துகொள்கிறோம்? நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது என்பது மணியோசை. அந்த ஓசைக்கே டென்ஷன் என்று பெயர் சூட்டிவிட்டு, எதற்காக அடித்தது என்று கேளாமல் காதைப் பொத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

இந்த இடத்தில் தமிழ்த்துறை மாணவி என்ற முறையில் தொல்காப்பியத்தை அழைக்காமல் இருக்க முடியவில்லை. பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். மெய் என்பது உடல். உள்ளத்தில் எழுந்தது உடலில் தோன்றுவது மெய்ப்பாடு. உவகை, நகை, பெருமிதம், மருட்கை என்னும் வியப்பு ஆகியவை ஒரு நான்கு, அச்சம், அழுகை, வெகுளி, தாழ்வுணர்ச்சியாகிய இளிவரல் ஆகியவை இன்னொரு நான்கு, ஆக எட்டு. தேர்வுக்காக இந்த எட்டையும் நெட்டுருப் போட்டவர்கள் நம்மில் பலர். ஆனால் எட்டைச் சொன்னதோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன் வகுத்தார். எட்டு நான்கு முப்பத்திரண்டு. செலியே ஒதுக்கி வைத்த காரணத்தை, உணர்ச்சியோடு பிரிக்கமுடியாதபடி முடிந்து வைத்திருப்பதுதான் அந்த இயலின் தனிச்சிறப்பு என்று எனக்குப் படுகிறது.

அழுகையை எடுத்துக்கொள்வோம். பிறர் இகழ்வதாலும் வரும், உரியவரையோ உடைமையையோ இழப்பதாலும் வரும், முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துவிடுவதாலும் வரும், வறுமையாலும் வரும் என்கிறார். நான்கும் ஒரே உப்புக் கண்ணீர்தான். ஆனால் வறுமையால் அழுபவருக்கு அரிசி வேண்டும். இழந்து அழுபவருக்குத் தோள் வேண்டும். இகழப்பட்டு அழுபவருக்கு நியாயம் வேண்டும். அச்சத்துக்கும் இப்படியே நான்கு சொல்லி, அவற்றுள் ஒன்றாகத் தம்மை ஆளும் ‘இறை’யை வைத்தார். இறை என்பதில் அரசரோடு தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்கிறது உரை. (விரிவுரையாளர்கள் என்னைப் பொறுத்தருள்க. சேர்த்தது நானல்லேன்.)

எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மேடையில் முழங்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தவர். மாணவர்க்கு மனநல ஆலோசனை சொன்னவர் அல்லர். நான் சொல்வது இவ்வளவே: உணர்ச்சியை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பெயரிடும் பழக்கம் இந்த மொழிக்குப் புதிதன்று.

அந்தப் பழக்கம் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத என் அப்பத்தா ஒருநாளும் டென்ஷன் என்று சொன்னதில்லை. ‘வயித்தைக் கலக்குது’ என்றால் பயம். ‘வயிறு எரியுது’ என்றால் யாரோ செய்த அநியாயத்தைப் பொறுக்க முடியவில்லை. ‘நெஞ்சை அடைக்குது’ என்றால் துக்கம். ‘தொண்டைக்குள்ளயே நிக்குது’ என்றால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார் என்று பொருள். ‘மனசு கெடந்து அடிச்சுக்குது’ என்றால் ஊருக்குப் போன யாரோ இன்னும் திரும்பவில்லை. ‘கையும் ஓடல, காலும் ஓடல’ என்பது பதற்றம். ‘முகம் சுண்டிப்போச்சு’ என்பது பிறர் முன்னால் பட்ட அவமானம். உடம்பின் எந்த இடத்தில் என்ன நேர்கிறது என்பதைக் கொண்டே உணர்ச்சியைப் பிரித்தறியும் கல்வி இது. ‘காது அடைக்குது’ என்றும் ஒன்று உண்டு. அது பசி. இதைத் தனியே சொல்லக் காரணம் இருக்கிறது. காலை ஆறரைப் பேருந்தைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்பி வருகிற என் தோழியருக்குப் பதினொரு மணிக்கு வருகிற டென்ஷனில் சரிபாதி, இரண்டு இட்லியில் போய்விடும். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

ஊரில் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவருக்காக மட்டுமா அவர்கள் அழுகிறார்கள்? தாய்வீட்டில் சீர் செய்யாமல் விட்டது, கட்டியவன் குடித்தது, பெற்றதைப் பறிகொடுத்தது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் முறையாகப் பெயர் சொல்லி வெளிவந்துவிடும். சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தப் பெண் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். படித்த நமக்கு அது நாகரிகக் குறைவாகத் தெரிகிறது. அதன் இடத்தில் நாம் எதை வைத்தோம் என்று கேட்டால் விடை இல்லை.

சொற்களுக்கா பஞ்சம்? அண்மையில் சொல் தேடிக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். பதற்றம், தவிப்பு, கலக்கம், சலிப்பு, கடுப்பு, ஏக்கம், ஆற்றாமை, மனத்தாங்கல், அங்கலாய்ப்பு, கூச்சம் என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. ஆதங்கம் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நடந்திருக்கக் கூடிய நல்லது ஒன்று நடவாமல் போயிற்றே என்னும் வருத்தம். அதில் கொஞ்சம் கோபமும் உண்டு, நிறைய அன்பும் உண்டு. நம் தாய்மார் நம்மைத் திட்டுவதில் பெரும்பகுதி ஆதங்கம்தான். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கத்துகிறோம், வீடு இரண்டுபடுகிறது. அவ்வாறே, பள்ளியில் உடன் படித்தவள் பொறியியல் கல்லூரியில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தைக் கைபேசியில் பார்த்தவுடன் உள்ளே ஏதோ குத்துகிறது. அது பொறாமையா, ஏக்கமா? அவளுக்கு அது இல்லாமல் போகவேண்டும் என்று தோன்றினால் பொறாமை. எனக்கும் அது வேண்டும் என்று தோன்றினால் ஏக்கம். பொறாமையை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை, வெந்துபோவதைத் தவிர. ஏக்கம் அப்படியன்று, அது எதை நோக்கிக் கை நீட்டுகிறது என்று காட்டித் தருகிறது. இரண்டையும் ‘ஃபோனைப் பார்த்தாலே டென்ஷன்’ என்று சொல்லிவிட்டால் வேறுபாடு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த உணர்ச்சிக்கு யார் பெயர் சூட்டலாம் என்பதிலும் நம் சமூகம் வரி விதித்திருக்கிறது. ஆண் அழக்கூடாது, ஆகவே அவனுடைய துக்கமெல்லாம் கோபம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. பெண் கோபப்படக்கூடாது, ஆகவே அவளுடைய கோபமெல்லாம் தலைவலி என்றும் டென்ஷன் என்றும் படுத்துக்கொள்கிறது. விடுதியில் என் பக்கத்து அறைத் தோழி ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் இரண்டு நாள் தலைவலியோடுதான் வருவாள். தேர்வு டென்ஷன் என்பாள். தேர்வே இல்லாத மாதத்திலும் அந்த டென்ஷன் வந்தது. படிப்பு முடியுமுன் மணம் முடித்துவிடவேண்டும் என்று வீட்டில் நடக்கும் பேச்சின்மீது அவளுக்கு இருந்தது அடக்கிய சினம்; அதைச் சினம் என்று சொல்லிக்கொள்ளவே அவளுக்குத் துணிவு வரவில்லை. பெற்றவர்மேல் கோபப்படலாமா என்னும் குற்றவுணர்ச்சி வேறு. ‘எனக்குக் கோபமா வருதுடி’ என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். தைலம் தடவிக்கொள்வதை நிறுத்திவிட்டு, பட்டம் வாங்கும்வரை இரண்டு ஆண்டு பொறுக்கச் சொல்லித் தன் தாய்மாமனிடம் பேசினாள். மாமா இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் பேச வேண்டிய இடம் மருந்துக் கடையன்று, மாமா வீடு என்பது அந்தப் பெயரால்தானே தெரிந்தது?

பெயரிடுவதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகளும் சில சொல்கின்றன. 2007இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் உடன் ஆய்ந்தோரும், சினமும் அச்சமும் தோன்றும் முகப் படங்களைச் சிலருக்குக் காட்டி, அப்போது அவர்கள் மூளை இயங்கும் விதத்தைக் கருவி கொண்டு நோக்கினர். அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அபாயத்தை உணர்ந்து கிளர்ந்தெழும் அமிக்டலா என்னும் பகுதியின் வேகம் தணிந்ததாகக் கண்டனர். இதைவிட எனக்குப் பிடித்தது 1986இல் வெளிவந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வு. ஏனெனில் அது நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். ஒரு சாரார் தம்மை வருத்திய நிகழ்ச்சியை மட்டும் எழுதினர். ஒரு சாரார் உணர்ச்சியை மட்டும் எழுதினர். ஒரு சாரார் நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதினர். இன்னொரு சாரார் ஏதோ பொதுச் செய்தி எழுதினர். சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்ததாம்; நன்மை பிறகே தெரிந்தது. உணர்ச்சி மட்டும் போதாது, நிகழ்ச்சி மட்டும் போதாது, இரண்டையும் ஒரு முடிச்சில் வைக்க வேண்டும் என்னும் செய்தி, முப்பத்திரண்டு நிலைக்களன் வகுத்தவரின் முறையோடு ஒத்துப்போவது எனக்கு வியப்பளித்தது. மருட்கை என்றே சொல்லலாம்.

இவ்வளவும் இருக்க, மாணவர்க்கு மன அழுத்தம் என்றவுடன் நம்மிடையே என்ன நடக்கிறது? வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். அரங்கில் முந்நூறு பேரை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்கிறார். கடற்கரையில் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். ‘எல்லாம் உன் கையில்’ என்கிறார். அப்படி ஒரு கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவள் ஐந்து நாற்பது பேருந்து போய்விடுமோ என்று அரைக்கண் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை நிதானமாக இழுத்து விட்டால் நெஞ்சுத் துடிப்பு அடங்கும் என்பது உண்மை. அதை நான் பழிக்கவில்லை. தேர்வு அறையின் வாசலில் நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு அது நல்ல துணை. ஆனால் பேருந்து போய்விடுமே என்னும் கவலைக்கு மருந்து கடற்கரை அன்று. கூட்டத்தை ஐந்து மணிக்கு முடிப்பது.

இங்கேதான் ஓர் எதிர்ப்பு எழும். எழவும் வேண்டும். ‘வறுமைக்குப் பெயர் வைத்தால் வயிறு நிறைந்துவிடுமா?’ என்று என் வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். நிறையாது. நம் கல்லூரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் கண்டவர்கள். கழனி வேலை, கட்டட வேலை, ஜவுளிக் கடை என்று ஒரு கையில் வேலையும் மறுகையில் புத்தகமுமாக இருப்பவர்கள். இவர்களிடம் போய், ‘உன் உணர்ச்சியை நீ கவனி, எல்லாம் சரியாகிவிடும்’ என்பது கொடுமை. ஆனால் நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. எல்லாவற்றையும் டென்ஷன் என்று சொல்லும்போதுதான் எல்லாமே என் மனத்தின் கோளாறு என்று ஆகிவிடுகிறது. உதவித்தொகை வரவில்லை என்பதால் எனக்கு ஏற்படுவது நியாயமான சினம் என்று தெரிந்தால், நான் மூச்சுப் பயிற்சி செய்யமாட்டேன். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மனுவோடு அலுவலகத்துக்குப் போவேன். அச்சம் என்றால் படித்துத் தீர்க்கலாம். அவமானம் என்றால் நண்பனிடம் சொல்லித் தீர்க்கலாம். துக்கம் என்றால் அழுது, நாளாகித்தான் தீர வேண்டும். அநியாயம் என்றால் மனத்தைச் சரி செய்வதில் பயனில்லை, உலகத்தில் ஒரு மூலையையாவது சரி செய்ய வேண்டும். எது என் உள்ளத்தின் வேலை, எது ஊரின் வேலை என்று பிரித்துக் காட்டுவதுதான் பெயர்.

டென்ஷனுக்கு நேர் எதிரான தவறும் இப்போது பரவிவருகிறது. ஒருநாள் சோர்வாக இருந்தாலே ‘டிப்ரஷன்’ என்று சொல்லிக்கொள்வது. காய்ச்சலென்று பொய் சொல்லி விடுப்பு எடுப்பவர்களால் உண்மையில் காய்ச்சல் வந்தவன் சொல் எடுபடாமல் போவது போல, இதனால் பாதிக்கப்படுவோர் உண்மை நோயாளிகளே. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் உணவும் கெட்டு, தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு ஒருவர் இருப்பாரானால், அது நோய். சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போவது போலவே அதற்கும் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்னும் எண்ணம் வந்தால், அந்த எண்ணத்தோடு ஓர் இரவு கூடத் தனியே இருக்காதீர்கள்; அன்றைக்கே, யாராவது ஒருவரிடம், வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவரும் ‘ச்சீ, என்ன பேச்சு’ என்று அடக்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

விரிவுரையாளர்களிடமும் ஒரு சொல். பாடத்துக்குப் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நிற்கும் மாணவர் எல்லாரும் ஒரே காரணத்தால் நிற்பதில்லை. தமிழ்வழியில் பயின்று வந்தவர் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் பின்வரிசை சிரிக்கும் என்று நிற்கிறார். படிக்காதவர் அஞ்சி நிற்கிறார். முந்தின நாள் வீட்டில் அடிதடி கண்டவர் கேள்வியே காதில் விழாமல் நிற்கிறார். மூவருக்கும் ‘ஏன் டென்ஷனாகிறாய்?’ என்பது ஒரே கேள்வியாகப் போய்விடுகிறது. வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில் அரை நிமிடம் நிறுத்தி, ‘பயமா, வெட்கமா, வேற ஏதாவதா?’ என்று கேட்ட ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அந்த மூன்று சொற்கள் போதுமானவையாக இருந்தன. தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் உள்ளே எரிந்துகொண்டிருப்பது எதுவென்று மாணவராகிய நாமும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர்கள் நம்மேல் எறிந்து விழுவதெல்லாம் நம்மால் வந்ததன்று.

அடுத்த ஆண்டு மாணவர் பேரவைக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். வகுப்புக்கு ஒரு பொறுப்பாசிரியர் என்னும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் வாரத்தில்தான் அந்தக் கோப்பு திறக்கப்படும் என்பது பொதுவான கேள்வி. அதை வாரம் ஒரு பாடவேளையாக்கிப் பத்துப் பத்துப் பேராக அமர்ந்து பேசலாம். ஒரே ஒரு விதி: அந்த ஒரு மணி நேரத்துக்கு டென்ஷன் என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னால் ஒரு ரூபாய் தண்டம். சேரும் பணத்தில் ஆண்டு முடிவில் எல்லாருக்கும் டீ. பேச விரும்பாதவர் ஒரு தாளில் எழுதி, எழுதியதைத் தாமே கிழித்துப் போட்டுவிட்டும் போகலாம். இதற்கு ஒரு தனியறை வேண்டும். அடுத்த வகுப்பின் ஓசை கேட்கும் இடத்தில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சாவி உடற்கல்வித் துறையில் இருக்கிறது என்கிறார்கள். உடற்கல்வித் துறையில் கேட்டால் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார்கள்.